டி.என். என்ற இரண்டு எழுத்து
தொழுநோய் ஆய்வுக்குப் பணம் கேட்டவர்களின் வரலாறு: மொன்றியலிலிருந்து ஒரு பார்வை

2001 பெப்ரவரியில் 'நேச்சர்' ஆய்விதழ் தொழுநோய்க் கிருமியின் முழு மரபணுத் தொகுதியை வெளியிட்டது. பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கோல் தலைமையில், இங்கிலாந்தின் சாங்கர் மையத்தோடு சேர்ந்து செய்யப்பட்ட வேலை அது. சுமார் 32 இலட்சம் எழுத்துகள் கொண்ட அந்தத் தொகுதியில் 1,100க்கு மேற்பட்ட மரபணுக்கள் உடைந்து, செயலிழந்து கிடந்தன. அவர்கள் வாசித்த கிருமிக்கு ஒரு பெயர் உண்டு: 'டி.என்.' வகை. தமிழ்நாடு என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்டு, ஆர்மடில்லோ என்ற ஓடு போர்த்த அமெரிக்க விலங்கின் உடலில் வளர்க்கப்பட்ட கிருமி.

அந்த நோயாளியின் பெயர் கட்டுரையில் இல்லை. மருத்துவ ஒழுக்கப்படி இருக்கவும் கூடாது. ஆனால் கட்டுரையின் கடைசியில், நன்றி சொல்லும் பொடி எழுத்துகளில், பணம் தந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று விக்ரர் ஹைசர் என்ற அமெரிக்க மருத்துவர் விட்டுச்சென்ற சொத்தில் நடக்கும் தொழுநோய் ஆய்வு நிதி. ஆய்வுக் கட்டுரைகளில் நாம் வாசிக்காமல் தாண்டிப்போகும் பகுதி இதுதான். ஒரு நோயின் வரலாற்றை இந்தக் கடைசி வரிகளிலிருந்து பின்னோக்கிப் படித்தால், மருந்தின் கதையோடு இன்னொரு கதையும் தெரியவரும்: யார் யாரிடம் என்ன சொல்லிப் பணம் கேட்டார்கள், கேட்ட விதம் எந்தக் கேள்விகளுக்குப் பதில் தேட அனுமதித்தது என்ற கதை. அதில் செங்கற்பட்டுக்கும் மட்டக்களப்புக்கும் இடம் உண்டு. நாம் வாழும் மொன்றியலுக்கும் இடம் உண்டு.

கிருமியின் காலமும் மானியத்தின் காலமும்

தோலையும் நரம்பையும் பற்றும் நாட்பட்ட நோய்களில் தொழுநோய்க்குத் தனிப் பிடிவாதம் ஒன்று உண்டு. நோர்வேயின் அர்மவுர் ஹான்சன் 1873இல் அதன் கிருமியைக் கண்டார். மனித நோய் ஒன்றுக்குக் காரணமாக முதன்முதலில் காட்டப்பட்ட கிருமிகளில் அது ஒன்று. 150 ஆண்டுகள் கழிந்தும் அதை ஆய்வுகூடக் கண்ணாடித் தட்டில் வளர்க்க யாராலும் முடியவில்லை. நம் குடலில் வாழும் சாதாரணப் பற்றீரியா ஒன்று 20 நிமிடத்தில் இரண்டாகும். தொழுநோய்க் கிருமி இரண்டாக ஏறத்தாழ இரண்டு வாரம் எடுக்கும். உடலில் புகுந்தபின் நோய் வெளியே தெரியச் சராசரியாக ஐந்து ஆண்டுகள். சிலரில் இருபது ஆண்டுகளும் ஆகும்.

ஆய்வு மானியங்களோ மூன்று ஆண்டுக்கோ ஐந்து ஆண்டுக்கோ தரப்படுகின்றன. இன்று ஒரு குழந்தைக்குத் தொற்றினால், அந்தக் குழந்தையின் தோலில் முதல் தேமல் தோன்றுவதற்குள் மானியம் முடிந்து கணக்கும் ஒப்படைக்கப்பட்டிருக்கும். தொழுநோய் ஆய்வாளர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் இந்தக் கால முரணோடு போராடியவர்கள்தாம். 1960இல் அமெரிக்காவின் சார்ள்ஸ் ஷெப்பர்ட் எலியின் பாதத்தில் கிருமியைப் பெருக்கிக் காட்டினார். 1971இல் ஆர்மடில்லோ வழி திறந்தது. அதற்கிடையில் மொன்றியலில், இரட்சண்ய சேனை நடத்திய கதரின் பூத் வைத்தியசாலையின் ஆய்வுப் பிரிவில் லாஸ்லோ கேட்டோ என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் இந்தக் கிருமியைச் செயற்கை ஊடகத்தில் வளர்த்துவிட முயன்றார். அவருடைய கட்டுரைகள் சர்வதேசத் தொழுநோய் ஆய்விதழில் தொடர்ந்து வந்தன. கிருமி வளரவில்லை. நோட்டர்டாம் த கிராஸ் பகுதியில் அந்த வைத்தியசாலையைக் கடந்துபோன நம்மவர் பலருக்கு அங்கே இப்படியொரு முயற்சி நடந்தது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

முப்பது பவுண்

நவீன காலத்தில் தொழுநோய்க்காகப் பணம் கேட்ட வரலாறு 1874இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் தொடங்குகிறது என்று சொல்லலாம். பஞ்சாபின் அம்பாலாவில் ஆசிரியராக இருந்து திரும்பிய வெல்ஸ்லி பெய்லி, அங்கே கண்ட நோயாளிகளைப் பற்றி நண்பர்களிடம் பேசினார். பிம் என்ற குடும்பத்துச் சகோதரிகள் மூவர் ஆண்டுக்கு முப்பது பவுண் சேர்த்துத் தருவதாக ஏற்றார்கள். ஓராண்டுக்குள் அதைப்போல் பல மடங்கு சேர்ந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் தொழுநோய் மிஷன். 1892இல் அதன் கிளை கனடாவுக்கும் வந்தது.

அந்தப் பணம் இரக்கத்தைத் தொட்டுக் கேட்ட பணம். உணவு, உடை, ஒதுக்கிடம், வேதாகமம் எல்லாம் அதில் வந்தன. 'ஏன் ஒருவருக்கு வருகிறது, பக்கத்தில் படுத்தவருக்கு வரவில்லை?' என்ற கேள்விக்கு அதில் இடமில்லை.

ஆய்வுக்கென்று பெரிய அளவில் பணம் சேர்ந்தது அச்சத்தால். 1889இல் ஹவாயின் மொலொக்காய் தீவில் தொழுநோயாளரிடையே பணிசெய்த தந்தை டேமியன் அதே நோயால் இறந்தார். இலண்டன் பதறியது. வேல்ஸ் இளவரசர் தலைமையில் தேசியத் தொழுநோய் நிதி அமைக்கப்பட்டு, அந்தப் பணத்தில் ஓர் ஆணைக்குழு 1890இல் இந்தியாவுக்கு வந்தது. ஆணைக்குழு ஊர் ஊராகச் சுற்றி நோயாளிகளைப் பரிசோதித்தது. 1893இல் வெளிவந்த அதன் அறிக்கை, இந்த நோய் எளிதில் தொற்றுவதில்லை, நோயாளரைக் கட்டாயமாக அடைத்துவைக்க நியாயமில்லை என்றது. இலண்டனில் இருந்த நிர்வாகக் குழுவுக்கு இது பிடிக்கவில்லை. தாங்கள் பணம் கொடுத்து வாங்கிய முடிவுகளோடு தாங்களே உடன்படவில்லை என்று அறிவித்தார்கள். 1897இல் பேர்லினில் கூடிய மாநாடு ஒதுக்கிவைப்பதை ஆதரித்தது. 1898இல் இந்தியாவில் தொழுநோயாளர் சட்டம் வந்தது. 1901இல் இலங்கையிலும் ஒரு சட்டம் வந்தது. இந்தியச் சட்டம் முறைப்படி நீக்கப்பட்டது 2016இல்.

அச்சத்தில் பிறந்த நிதி அச்சத்துக்குச் சாதகமான பதிலையே எதிர்பார்த்தது. வேறு பதில் வந்தபோது அதைக் கோப்பில் போட்டு மூடிவிட்டது. பின்னாளில் வந்த நிதிகள் எல்லாம் இவ்வளவு அப்பட்டமாக நடந்துகொண்டன என்று சொல்ல முடியாது. ஆனால் பணம் தருபவர் எதிர்பார்க்கும் பதிலுக்கும் நோயாளிக்கு வேண்டிய பதிலுக்கும் இடையிலான இழுபறி அன்றோடு முடியவும் இல்லை.

கன்னியாஸ்திரிகளும் ஒரு கர்தினாலும்

கனடாவின் கிழக்குக் கரையில், நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில், 1844இல் ஷெல்ட்ரேக் என்ற தீவில் தொழுநோயாளரைக் கொண்டுபோய் வைத்தார்கள். 1849இல் அவர்கள் திராக்கடி என்ற ஊருக்கு மாற்றப்பட்டார்கள். 1868இல் மொன்றியலிலிருந்து, நகரத்தோடு கூடவே பிறந்த ஓட்டெல்-தியூ வைத்தியசாலையின் கன்னியாஸ்திரிகள் அங்கே போய்ப் பொறுப்பேற்றார்கள். அதுவரை வெறும் அடைப்பிடமாக இருந்த அந்த இடம் அதன்பின் வைத்தியசாலையாக மாறியது. 1965 வரை இயங்கியது.

மேற்குக் கரையில் கதை வேறு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் டார்சி தீவில் 1891இலிருந்து ஒதுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர். அவர்களோடு தங்க வைத்தியரும் இல்லை, தாதியும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை படகில் உணவும் பொருளும் வரும். சவப்பெட்டிக்குரிய பலகையும் அதே படகில் வரும். ஒரே நாடு, ஒரே நோய், ஒரே காலம். யாருக்காகப் பணம் கேட்க ஆள் இருந்தது, யாருக்கு இல்லை என்பதே வித்தியாசம். குடியேறி வந்தவர்களாகிய நாம் இந்த இரண்டு இடங்களையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மொன்றியல் மக்கள் மனதில் தொழுநோய் என்றதும் எழும் பெயர் கர்தினால் போல்-எமில் லெஜே. 1950 முதல் மொன்றியலின் பேராயர். அமைதிப் புரட்சி என்று சொல்லப்படும் மாற்றங்களில் கியூபெக் கொதித்துக்கொண்டிருந்த 1960களின் தொடக்கத்தில், தொழுநோய்க்கு எதிராக 'ஃபாமே பெரேயோ' என்ற அமைப்பைத் தொடங்கினார். 'பசியால் சாகிறேன்' என்று பொருள்படும் இலத்தீன் தொடர். 1967 நவெம்பரில், எக்ஸ்போ 67 கண்காட்சி முடிந்து சில நாட்களே ஆன நிலையில், பேராயர் பதவியைத் துறந்து ஆபிரிக்காவில் தொழுநோயாளரிடையே பணிசெய்யப் போவதாக அறிவித்தார். நகரம் அதிர்ந்தது. கமரூனுக்குப் போனார். அங்கே போனபின் கண்ட தேவை அவரை வேறு பக்கம் திருப்பியது. தலைநகர் யாவுண்டேயில் உடல் ஊனமுற்ற பிள்ளைகளுக்கான மையமே அவருடைய பெரிய பணியாக நிலைத்தது. லெஜே போன்றவர் கேட்டால் கியூபெக் மக்கள் மனம் உருகிக் கொடுத்தார்கள். தேவாலயங்களில் உண்டியல் நிறைந்தது. ஆனால் ஒரு மனிதரின் குரலில் சேரும் பணம் அந்த மனிதரோடு கரையவும் கூடும். அதே பத்தாண்டில் கியூபெக் அரசு மருத்துவ ஆய்வுக்குத் தனி அவை அமைத்தது. கேட்கும் இடம் தேவாலயத்திலிருந்து அரசு அலுவலகத்துக்கு மாறத் தொடங்கியது.

செங்கற்பட்டு, காரிகிரி, மாந்தீவு

நம் பக்கத்தில் இந்த நோய்க்குக் குட்டம், பெருநோய், பெருவியாதி, குஷ்டரோகம் என்று பல பெயர். மருந்தும் இருந்தது. சித்த மருத்துவத்தில் நீரடிமுத்து எண்ணெய் தோல் நோய்களுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டது. அதன் இனத்தைச் சேர்ந்த சால்மூக்ரா எண்ணெயைத்தான் 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் உலகம் முழுதும் ஊசியாக ஏற்றினார்கள். குத்திய இடம் வீங்கி வலிக்கும், பயனோ கொஞ்சம். ஆனாலும் வேறு மருந்தில்லை.

அந்த நிலை மாறியதில் செங்கற்பட்டுக்குப் பங்குண்டு. அங்கே திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய்க் குடியிருப்பில் ரொபேர்ட் கொக்ரேன் என்ற வைத்தியர் 1946இல் சல்போன் மருந்தை ஊசியாகப் போட்டுப் பார்த்தார். அமெரிக்காவின் கார்வில் வைத்தியசாலையில் 1941இல் தொடங்கிய சோதனைகளின் தொடர்ச்சி அது. கார்வில்லில் கொடுத்த மருந்து விலை கூடியது, நாளும் நரம்பில் ஏற்றவேண்டியது. கொக்ரேன் கையாண்டது அதன் மூலப்பொருள், மலிவானது. பின்னர் டாப்சோன் என்ற பெயரில் உலகெங்கும் மாத்திரையாகச் சென்றது அதுவே. அதே கொக்ரேன்தான் போல் பிராண்ட் என்ற அறுவை வைத்தியரைச் செங்கற்பட்டுக்கு அழைத்துப்போய் நோயாளரின் மடங்கிய கைகளைக் காட்டியவர். பிராண்ட் 1947இலிருந்து வேலூரில் அந்தக் கைகளைத் திருத்தும் அறுவைகளைச் செய்தார். விரல்கள் நோயினால் அழுகி விழுவதில்லை; உணர்ச்சி செத்துப்போன விரலில் படும் சூடும் காயமும் கவனிக்கப்படாமல் விடப்படுவதால்தான் அழிகின்றன என்று நிறுவியதும் அவரே.

1954இல் 'ரத்தக்கண்ணீர்' படம் வந்தது. எம்.ஆர். ராதாவின் மோகன், செய்த பாவத்துக்குச் சம்பளமாகக் குட்டநோயைப் பெறுகிறான். தமிழர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக அந்தக் குரலை நடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறோம். படம் ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், வேலூருக்குப் பக்கத்துக் காரிகிரியில் ஷிஃபலின் தொழுநோய் ஆய்வு மையம் எழுந்துகொண்டிருந்தது. 1955இல் அது பணியைத் தொடங்கியது. ஷிஃபலின் என்பவர் வைத்தியரும் அல்ல, நோயாளியும் அல்ல. அமெரிக்கத் தொழுநோய் மிஷனின் தலைவராக நீண்டகாலம் இருந்து பணம் திரட்டிய நியூயோர்க் மருந்து வணிகர். நோய் பாவத்தின் கூலி என்று சென்னைத் திரையரங்குகளில் மக்கள் பார்த்துக்கொண்டிருக்க, அது நரம்பின் சேதம் என்று காட்டும் வேலைக்கு நியூயோர்க்கிலும் இலண்டனிலும் உண்டியல் குலுக்கப்பட்டது. நம் செல்வந்தர்கள் கோவில் கட்டினார்கள், கல்லூரி கட்டினார்கள், சத்திரம் கட்டினார்கள். பெருவியாதிக்காரருக்குச் சோறும் போட்டார்கள். அந்த வியாதியை ஆராயப் பணம் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை.

இலங்கையில் ஒல்லாந்தர் 1708இல் கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் கட்டிய வைத்தியசாலை பழமையானது. கிழக்கில், மட்டக்களப்பு வாவிக்குள் மாந்தீவு. படகில் போகவேண்டிய அந்தத் தீவில் ஒதுக்கப்பட்டவர்கள் பலர் குணமானபின்னும் திரும்பவில்லை. திரும்பிப் போக வீடு இருக்கவில்லை. மாந்தீவில் ஆய்வு என்று ஏதும் பெரிதாக நடக்கவில்லை. தீவுகளுக்கு நாடுகள் செலவழித்தது பெரும்பாலும் காவலுக்கும் அரிசிக்கும்தான்.

செங்கற்பட்டு மாவட்டத்துக்கு ஆய்வு மறுபடி வந்தது, மிகப் பெரிதாக. 1991இல் இந்திய அரசின் மருத்துவ ஆய்வு மன்றம் அங்கே ஒரு தடுப்பூசிச் சோதனையைத் தொடங்கியது. சுமார் 1,71,000 பேர் பங்கேற்றார்கள். நான்கு வகைத் தடுப்பூசியும், ஒப்பிட வெறும் உப்புநீர் ஊசியும். 1998இல் முடிவுகள் வெளிவந்தன. மும்பையில் உருவான ஐ.சி.ஆர்.சி. தடுப்பூசி ஏறத்தாழ 65 வீதப் பாதுகாப்புத் தந்தது, பி.சி.ஜி.யோடு கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியைச் சேர்த்த ஊசி 64 வீதம். இவ்வளவு நல்ல முடிவு வந்தும் ஐ.சி.ஆர்.சி. தடுப்பூசி பொதுப் பாவனைக்கு வரவில்லை. ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மொன்றியலில் ஒரு மரபணு

1938இல் ஆர்மான் ஃப்ராப்பியே மொன்றியலில் நுண்ணுயிரியல் நிறுவனம் ஒன்றை நிறுவினார். காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியைக் கனடாவில் பரப்பியவர் அவர். காசநோயும் தொழுநோயும் ஒரே குடும்பக் கிருமிகளால் வருபவை, பி.சி.ஜி. இரண்டையும் ஓரளவு தடுக்கும். இந்த மரபில் வந்த நகரத்தில், மக்கில் பல்கலைக்கழகத்தின் எமில் ஸ்கமேனேயும் ஃபிலிப் குரோவும் வேறொரு கேள்வியைக் கேட்டார்கள். ஒரே அளவு கிருமியைச் செலுத்தியும் சில எலிகள் தாங்குகின்றன, சில எலிகள் தாங்குவதில்லை. ஏன்? 1993இல் அந்த வேறுபாட்டுக்குக் காரணமான மரபணுவை அவர்கள் பிரித்தெடுத்தார்கள்.

எலியில் கண்டது மனிதரில் உண்டா? இதற்குத் தொழுநோய் வாய்ப்பான நோய். கிருமி உலகெங்கும் பெரும்பாலும் ஒரே மாதிரியானது. அது புகுந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. அப்படியானால் வித்தியாசம் மனிதரிடம் இருக்கவேண்டும். மக்கிலின் எர்வின் ஷூர், பாரிஸின் லோரன் அபேலோடு சேர்ந்து வியட்நாமுக்குப் போனார். 2003இல் அவர்களது குழு 86 வியட்நாமியக் குடும்பங்களின் இரத்தத்தை ஆராய்ந்து ஆறாம் குரோமோசோமில் ஒரு பகுதியைச் சுட்டியது. 2004இல் அங்கே 'பார்க்-2' என்ற மரபணுவைக் கண்டது. முதலெழுத்தாளர் மார்செலோ மீரா, மொன்றியலில் படித்த பிரேசில்காரர். கண்டுபிடிப்பின் வியப்பு எதிலென்றால், பார்க்-2 ஏற்கெனவே தெரிந்த மரபணு; இளவயதில் வரும் பார்கின்சன் நோயோடு தொடர்புடையது. தொழுநோயில் நரம்பு அழிவதற்கும் பார்கின்சனில் மூளைக் கலங்கள் அழிவதற்கும் நடுவே ஏதோ ஒரு பாலம் இருக்கிறது என்ற எண்ணம் இங்கிருந்து வலுப்பெற்றது. ஷூரின் குழு இந்தத் திசையில் தொடர்ந்து உழைத்தது.

இதற்குச் சற்று முன், 2001இல், ஒக்ஸ்ஃபோர்ட்டின் ஏட்ரியன் ஹில்லும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பிச்சப்பன் உள்ளிட்ட இந்திய ஆய்வாளர்களும் தென்னிந்தியக் குடும்பங்களை ஆராய்ந்து பத்தாம் குரோமோசோமில் ஓர் இடத்தைக் காட்டியிருந்தார்கள். கிருமி குறைவாகக் காணும் வகை நோயாளரை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, வியட்நாமியக் குடும்பங்களிலும் அதே இடம் தலைகாட்டியது. திருநெல்வேலிக்கும் சைகோனுக்கும் இடையில் இரத்தம் ஒரே சாட்சியைச் சொன்னது போல.

பத்துப் பக்கம்

இந்த ஆய்வுகளுக்குப் பணம் எப்படி வந்தது? 2000இல் கனடா நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் பிறந்த சி.ஐ.எச்.ஆர். என்னும் கனடிய சுகாதார ஆய்வு அமைப்பு ஒரு முக்கிய ஊற்று. அதற்குள் 13 நிறுவனங்கள். தோலுக்கென்று தனி நிறுவனம் கிடையாது. எலும்பு, மூட்டு, தசை, பல் ஆகியவற்றோடு ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஷூரின் கட்டுரைகளில் சி.ஐ.எச்.ஆரோடு மோல்ட்டா சங்கம் போன்ற ஐரோப்பியத் தொண்டு அமைப்புகளுக்கும் நன்றி சொல்லப்பட்டிருக்கிறது. அதாவது 21ஆம் நூற்றாண்டின் மரபணு ஆய்வில்கூட 1874இன் உண்டியல் தொடர்கிறது.

சி.ஐ.எச்.ஆரின் வழக்கமான திட்ட மானியத்துக்கு விண்ணப்பிப்பவர் பத்துப் பக்கத்தில் தன் ஆய்வை விளக்க வேண்டும். பிரெஞ்சில் எழுதினால் பன்னிரண்டு பக்கம். அதே விஷயத்தைச் சொல்லப் பிரெஞ்சுக்கு இடம் கூடுதலாகத் தேவை என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு. சக விஞ்ஞானிகள் வாசித்து 4.9க்கு மேற்படாமல் புள்ளியிடுவார்கள். அண்மைய சுற்றுகளில் ஐந்து விண்ணப்பத்தில் ஒன்று என்ற அளவிலேயே பணம் கிடைக்கிறது. புள்ளியில் ஒரு தசமம் குறைந்தாலும் ஒரு ஆய்வுகூடத்தில் இரண்டு பேரின் வேலை போகலாம்.

இந்தப் போட்டியில் தொழுநோய்க்கு ஒரு தனி இடர். சி.ஐ.எச்.ஆர். சட்டம் அதன் நோக்கத்தைக் கனடியரின் ஆரோக்கியத்தை மேம்படுத்தும் அறிவு என்று வரையறுக்கிறது. கனடாவில் ஆண்டுக்கு ஒரு கைவிரல் எண்ணிக்கையிலோ சற்றுக் கூடவோ மட்டுமே காணும் நோய்க்கு இங்கே எப்படிப் பணம் கேட்பது? ஒரு வழி, நோயை ஒரு மாதிரியாக முன்வைப்பது: தொழுநோயைப் படித்தால் அழற்சியைப் படிக்கலாம், காசநோயைப் படிக்கலாம், பார்கின்சனைப் படிக்கலாம். இது பொய்யான வாதமல்ல. அதுவே உண்மையான அறிவைத் தந்தது. ஆனால் வாதத்தின் திசையைக் கவனிக்க வேண்டும். வியட்நாமிய, தமிழ்நாட்டு ஏழைக் குடும்பங்களின் இரத்தம் தரும் அறிவு முதுமை கூடிவரும் பணக்கார நாடுகளின் நோயை விளக்குவதால் மதிப்புப் பெறுகிறது. அந்தக் குடும்பங்களின் நோய் தன்னளவில் போதிய காரணமாகவில்லை.

ஒழிக்கப்பட்ட நோய்

1982இல் உலக சுகாதார அமைப்பு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருத்துவத்தைப் பரிந்துரைத்தது. ஆறு மாதம் அல்லது ஓராண்டில் குணம். முதலில் யப்பானின் நிப்பொன் அறக்கட்டளையும் 2000இலிருந்து நோவார்டிஸ் நிறுவனமும் அந்த மருந்தை உலகம் முழுதும் இலவசமாகத் தந்தன. கோடிக்கணக்கானோர் குணமானார்கள். மருத்துவ வரலாற்றின் பெருஞ்சாதனைகளில் இது ஒன்று, இதில் ஐயமில்லை.

சிக்கல் ஒரு சொல்லில் வந்தது. 1991இல் உலக சுகாதாரப் பேரவை, 2000ஆம் ஆண்டுக்குள் தொழுநோயைப் 'பொதுச் சுகாதாரப் பிரச்சினை' என்ற நிலையிலிருந்து ஒழிப்பதென்று தீர்மானித்தது. பதிவிலுள்ள நோயாளர் பத்தாயிரம் பேருக்கு ஒருவரிலும் குறைந்தால் ஒழிந்ததாகக் கணக்கு. சிகிச்சைக் காலம் சுருங்கியதால் பதிவேட்டிலிருந்து பெயர்கள் விரைவாக நீங்கின. இலங்கை 1995இலும் உலகம் மொத்தமாக 2000இலும் இந்தியா 2005 முடிவிலும் அந்தக் கோட்டைத் தாண்டின. செய்தித்தாள்கள் 'ஒழிந்தது' என்று எழுதின. ஒழிந்த நோய்க்கு யார் பணம் கொடுப்பார்? செங்கற்பட்டின் தடுப்பூசி முடிவு 1998இல் வந்தபோது ஒழிப்புக் கெடு இரண்டே ஆண்டு தூரத்தில் இருந்தது. சாகப்போவதாக அறிவிக்கப்பட்ட நோய்க்குப் புதிய தடுப்பூசி தயாரிக்கும் ஆர்வம் எங்கிருந்து வரும்?

2023இல் உலகில் 1,80,000க்கு மேற்பட்டோரில் தொழுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதில் பாதிக்கு மேல் இந்தியாவில். இலங்கையில் ஆயிரத்துக்கு மேல். கிழக்கு மாகாணமும் அதிகம் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று. சிறுவர்களும் இருக்கிறார்கள். சிறுவருக்கு வருகிறதென்றால் தொற்று இன்னும் நடக்கிறது என்று பொருள். எப்படித் தொற்றுகிறது என்பது 1890இன் ஆணைக்குழு கேட்ட கேள்வி. அதன் முழுப் பதில் இன்னும் வரவில்லை.

கனடாவுக்கும் இது வெளிநாட்டுச் செய்தி மட்டுமல்ல. ரொறன்ரோவின் வெப்பமண்டல நோய்ப் பிரிவு 1979 முதல் 2002 வரை 184 தொழுநோயாளரைப் பார்த்ததாகக் கனடிய மருத்துவச் சங்க ஆய்விதழ் 2004இல் பதிவு செய்தது. பெரும்பாலோர் இந்தியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் போன்ற நாடுகளிலிருந்து குடியேறியவர்கள். பலருக்கு நோய் இன்னதென்று தெரியவே ஆண்டுகள் ஆகின. இங்கே படித்த வைத்தியருக்கு அது பாடப்புத்தக நோய். வந்தவருக்கோ வெளியே சொல்லக்கூசும் நோய். நிறம் வெளிறிய, தொட்டால் உணர்ச்சி குன்றிய தேமல் ஒன்று இந்த இரண்டு மௌனங்களுக்கும் நடுவில் கிடக்கிறது. மருந்து இலவசம், நோய் குணமாகும், மருந்தைத் தொடங்கியதும் பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடும் என்பதை நம் கூட்டங்களில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

நம் உண்டியல்

ஹாவர்ட் தமிழ் இருக்கைக்கு ஆறு மில்லியன் டொலரும் ரொறன்ரோப் பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு மூன்று மில்லியன் டொலரும் உலகத் தமிழரிடம் சேர்ந்தன. ஒரு முறை கொடுத்து முடியும் தருமமாக அன்றி, முதலை வைத்து அதன் வருவாயில் ஆண்டாண்டாக அறிவை வளர்க்கும் அமைப்புக்குப் பணம் தர நம் சமூகத்துக்குத் தெரியும் என்பதற்கு இது சான்று. மருத்துவத்தில் இன்னும் நாம் கட்டடத்துக்கும் கருவிக்கும் கொடுக்கிறோம். ஊர் வைத்தியசாலைக்கு ஒரு பிரிவு, ஒரு நோயாளர் வண்டி, கல்வெட்டில் ஒரு பெயர். தேவையானவைதாம். ஆனால் மட்டக்களப்பில் ஏன் நோய் இன்னும் தொற்றுகிறது என்று ஓர் இளம் ஆய்வாளர் ஐந்து ஆண்டு தேட வேண்டுமானால் அவர் யாரிடம் போவார்? ஒட்டாவாவில் அது கனடியருக்கு எப்படிப் பயன்படும் என்று கேட்பார்கள். கொழும்பில் அது ஒழிந்த நோய் என்பார்கள்.

அந்தக் கேள்வியைத் தன்னளவில் போதிய காரணமாக ஏற்கக்கூடிய பணம் வேறு எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை, நம்மிடம் இருக்கிறது. கிருமியின் காலத்துக்கு ஈடுகொடுக்கும் நிதி பெரிதாக இருக்கவேண்டும் என்பதில்லை, நீண்டதாக இருக்கவேண்டும். டப்ளின் சகோதரிகள் ஏற்றது ஆண்டுக்கு முப்பது பவுண்தான். ஒவ்வோர் ஆண்டும் தருவதாக ஏற்றார்கள்.